மான் வேட்டைக்குப் பின்னுதைப்புக் குறைந்த ரைஃபிள்: எந்தத் தோட்டா, எந்தக் குண்டு?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். உரிமம் பெற்று, அனுமதிக்கப்பட்ட பருவத்தில் மட்டும் மான் வேட்டைக்குச் செல்லத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை நான் சுட்டுவந்தது என் தந்தையாரின் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிள். தோட்டாவின் முனையிலிருந்து பாயும் குண்டின் எடை 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்). பத்துத் தோட்டாக்களைச் சுட்டு முடிப்பதற்குள் தோள் கன்றிப்போவது ஒருபுறமிருக்க, விசையை அழுத்தும் கணத்தில் என்னை அறியாமலேயே கண் மூடிக்கொள்கிறது, உடலும் சுருங்கிவிடுகிறது. சென்ற பருவத்தில் 80 மீட்டரில் அசையாமல் நின்ற மானை முற்றிலும் தவறவிட்டேன். முற்றிலும் தவறியதே நல்லதாயிற்று; அது காயத்தோடு ஓடியிருந்தால் இந்த ஆண்டு நான் துப்பாக்கியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

என் உடல் எடை 55 கிலோ. எங்கள் பகுதியில் உள்ளவை 40 முதல் 80 கிலோ வரையிலான மான்கள். பெரும்பாலும் 150 மீட்டருக்குள்தான் சுட நேரும், அரிதாக 250 மீட்டர் வரை போகலாம். .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மோர், 7 மி.மீ-08 ரெமிங்டன் ஆகிய மூன்றையும் பரிந்துரைக்கிறார்கள். உதைப்பு உண்மையிலேயே குறைய வேண்டும், ஆனால் அதற்கு விலையாக மான் துன்புறக் கூடாது. எதைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு எந்த வகைக் குண்டை வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

பின்னுதைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். குண்டும், எரிந்து வாயுவாகும் வெடிமருந்தும் குழல் வழியே முன்னோக்கிப் பாய்கின்றன. அவற்றின் உந்தத்துக்கு ஈடான உந்தம் துப்பாக்கியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. எனவே குண்டின் எடை, அதன் வேகம், வெடிமருந்தின் எடை, துப்பாக்கியின் எடை ஆகிய நான்கும்தான் கணக்கில் வருகின்றன. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெயருக்கு அதில் இடமே இல்லை.

ஸ்கோப்புடன் சேர்த்து 3.4 கிலோ எடையுள்ள துப்பாக்கி என்று வைத்துக்கொண்டு நான் போட்ட கணக்கு இது. .243 வின்செஸ்டரில் 100 கிரெய்ன் குண்டுக்கு உதைப்பாற்றல் சுமார் 9 அடி-பவுண்டு (ஓர் அடி-பவுண்டு ஏறத்தாழ 1.36 ஜூல்), 6.5 கிரீட்மோரில் 140 கிரெய்னுக்குப் பன்னிரண்டரை, 7 மி.மீ-08இல் அதே 140 கிரெய்னுக்கு 13; .308 வின்செஸ்டரில் 150 கிரெய்னுக்குப் பதினைந்தரை. நீங்கள் இப்போது சுடும்.30-06இல் 180 கிரெய்னுக்கு 21. வாயுவின் வேகத்தை எவ்வளவாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம், வரிசை மாறாது. நீங்கள் கேட்கும் மூன்றில் எதற்கு மாறினாலும் உதைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் சுமக்க எளிது என்று 2.7 கிலோ துப்பாக்கியை வாங்கிவிட்டால் .243இன் உதைப்பே 11 அடி-பவுண்டு அளவுக்கு ஏறிவிடும். தோளைக் காக்க விரும்புகிறவர் துப்பாக்கியின் எடையில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது.

என் தெரிவு .243. .308இன் பித்தளை உறையின் கழுத்தை ஒடுக்கி 1955ஆம் ஆண்டில் அறிமுகமான தோட்டா அது. 100 கிரெய்ன் குண்டு விநாடிக்கு ஏறத்தாழ 2,960 அடி வேகத்தில் புறப்படும்போது குழல்வாயில் 1,900 அடி-பவுண்டுக்குச் சற்று மேலான ஆற்றல் கிடைக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 1991ஆம் ஆண்டு மான் சட்டம் பெரிய மான்களுக்குக் குறைந்தது .240 அங்குலக் காலிபரும் (குழலின் உள்விட்டம்) 1,700 அடி-பவுண்டு ஆற்றலும் வேண்டும் என்கிறது. அந்த வரம்பை இது தாண்டிவிடுகிறது. உங்கள் பகுதியின் வரம்பு வேறாக இருக்கலாம்; பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள்.

மறுமொழி 2

மேலே உள்ள கணக்கில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் மறுப்பு. .243ஐப் புதியவர்களின் தோட்டா என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. என் பார்வையில் அது தவறுக்கு இடம் குறைவாகத் தரும் தோட்டா. தோளுக்குப் பின்னே, நுரையீரலில் நேராகப் பாய்ந்தால் 80 கிலோ மானுக்கு அது தாராளமாகப் போதும். சாய்வாக நிற்கும் மானின் தோள் எலும்பை உடைத்து உள்ளே போக வேண்டிய நிலையில் குண்டின் தரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அங்கேதான் பலர் இடறுகிறார்கள்.

காரணம், .243க்கு இரண்டு வகை வேலைகள் உண்டு. 55 முதல் 75 கிரெய்ன் வரையிலான குண்டுகள் பெரும்பாலும் நரி போன்ற சிறு விலங்குகளுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் செப்பு மேலுறை மெல்லியது, பட்டவுடன் சிதறுவதுதான் அவற்றின் நோக்கம். மானின் தோளில் அப்படிச் சிதறினால் மேலோட்டமான கொடுங்காயம் ஏற்படும், விலங்கு ஓடிவிடும். மானுக்கு உரியவை 85 முதல் 105 கிரெய்ன் வரை. இரண்டு வகையும் ஒரே பெயரில், ஒரே நிறப் பெட்டியில், ஒரே அடுக்கில் இருக்கும். கையில் கிடைத்ததை எடுத்து வந்தவர்களின் கதையை நான் கேட்டது ஒருமுறை அல்ல.

6.5 கிரீட்மோரிலும் ஒரு பொறி இருக்கிறது. 2007இல் வெளிவந்த அந்தத் தோட்டா இலக்குச் சுடும் போட்டிகளை மனத்தில் வைத்து உருவானது. ஆகவே கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் கணிசமானவை போட்டிக் குண்டுகளைக் கொண்டவை. தாளில் அவை ஒரே துளையில் விழும். உடலுக்குள் ஒருமுறை விரியாமல் ஊசிபோல் கடந்துவிடும், இன்னொரு முறை துண்டுதுண்டாகிவிடும். முழு உலோக உறை கொண்ட குண்டுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவை விரிவதே இல்லை, பல இடங்களில் வேட்டைக்குத் தடையும் உண்டு.

விரியும் குண்டுகளில் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கலாம். ஈய உள்ளீட்டின் மேல் செப்பு உறை போர்த்திய, முனையில் ஈயம் தெரியும் சாதாரண மென்முனைக் குண்டு முதலாவது. ஈயமும் உறையும் பிரியாதபடி பிணைக்கப்பட்டதோ, நடுவே தடுப்புச் சுவர் வைக்கப்பட்டதோ இரண்டாவது. முழுவதும் செப்பாலான குண்டு மூன்றாவது. கடினமானதே சிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. மெலிந்த மானின் விலாவில் மிகக் கடினமான குண்டு பட்டால் போதிய அளவு விரியாமல் வெளியேறிவிடும். மான் விழுவதற்கு முன் நெடுந்தூரம் ஓடும். 6.5க்கும் 7 மி.மீ-08க்கும், நீங்கள் சொல்லும் தொலைவில், 140 கிரெய்ன் அளவிலான சாதாரண மென்முனைக் குண்டே போதுமானது. .243 வாங்குவதானால் மட்டும் இரண்டாவது அல்லது மூன்றாவது நிலைக்குப் போங்கள், ஏனென்றால் அங்கே சிதறி வீணாவதற்கு எடை மிச்சமில்லை.

நானாக இருந்தால் 7 மி.மீ-08. 1980இல் வந்தது, அதுவும் .308இன் உறையிலிருந்து பிறந்ததுதான். உங்கள் தொலைவுக்கு 6.5இன் நீள்குண்டு தரும் காற்றுத்தடைச் சாதகம் வெளிப்படவே போவதில்லை. நல்ல நிலையில் பழைய 6.5×55 ஸ்வீடிஷ் ஒன்று கிடைத்தால் அதையும் தள்ளிவிடாதீர்கள். 1894இல் பிறந்த தோட்டாதான், ஆனால் மான்களுக்கு அது தெரியாது.

மறுமொழி 3

புதிய துப்பாக்கி எதற்கு? .30-06க்கே 125 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 2,700 அடி அளவில் செலுத்தும், உதைப்புக் குறைத்த தொழிற்சாலைத் தோட்டாக்கள் இருக்கின்றன. முதல் மறுமொழியின் முறைப்படி கணக்கிட்டால் 21 அடி-பவுண்டு 11ஆக இறங்குகிறது. 150 மீட்டர் வேட்டைக்கு அது போதும். ஒன்று மட்டும்: குண்டு விழும் இடம் கட்டாயம் மாறும், ஸ்கோப்பை மீண்டும் திருத்தாமல் காட்டுக்குள் போகாதீர்கள். தோட்டாவைத் தாமே நிரப்புகிறவர்கள் எல்லா வெடிமருந்தையும் விருப்பம்போல் குறைத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். மெதுவாக எரியும் மருந்துகளை அளவுக்கு மீறிக் குறைப்பது ஆபத்தானது. தயாரிப்பாளரே இவ்வளவு வரை குறைக்கலாம் என்று வெளியிட்டிருக்கும் மருந்தையும் அளவையும் தவிர வேறு எதையும் தொடக் கூடாது.

கேட்டவர்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. முதலில் குறைந்த உதைப்புத் தோட்டாக்களை வாங்கி இருக்கும் துப்பாக்கியிலேயே பழகுவேன். ஆனால் அந்த ரைஃபிளின் கட்டை (தோளில் ஊன்றும் பின்பகுதி) என் கைக்கு மிக நீளம், ஆகவே பருவத்துக்கு முன் 7 மி.மீ-08 பக்கம் சாய்கிறேன். ஒரு சிக்கலைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் செல்லும் வேட்டைப் பகுதியில் ஈயக் குண்டுக்கு அனுமதி இல்லை, செப்புக் குண்டு மட்டுமே. அப்படியானால் 140 கிரெய்ன் என்ற அளவு அதற்கும் பொருந்துமா?

மறுமொழி 1

அப்படியே பொருந்தாது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செப்பின் அடர்த்தி 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எனவே ஒரே எடையில் செப்புக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு தலைகுப்புறப் புரளாமல் பறக்க வேண்டுமானால் குழலின் உட்புறம் சுருளாக வெட்டிய பள்ளங்களான புரிகள் அதை இன்னும் வேகமாகச் சுழற்ற வேண்டும்.

இதை ஒரு நிறுவனம் அடிபட்டுக் கற்றது. .243 வின்செஸ்டர் வந்த அதே 1955இல் ரெமிங்டன் நிறுவனம் .244 ரெமிங்டன் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. இரண்டின் குண்டு விட்டமும் ஒன்றுதான், உறையின் கொள்ளளவில் .244தான் சற்றுப் பெரியது. ஆனால் சிறு விலங்குகளையே எண்ணி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புரி போட்டார்கள். வின்செஸ்டரோ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 100 கிரெய்ன் குண்டை மானுக்குப் பயன்படுத்த நினைத்தவர்கள் .243 பக்கம் போய்விட்டார்கள். 1963இல் 9 அங்குலப் புரியுடன் 6 மி.மீ ரெமிங்டன் என்று பெயரையே மாற்றிப் பார்த்தும் விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

செப்பில் ஒரு படி எடை குறைப்பதுதான் வழி: .243க்கு 80 முதல் 85 கிரெய்ன், 6.5க்கும் 7 மி.மீ-08க்கும் 120 கிரெய்னை ஒட்டி. செப்புக் குண்டு பெரும்பாலும் தன் எடையை இழப்பதில்லை, ஆகவே இந்தக் குறைவால் ஊடுருவல் கெடாது. உங்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: 120 கிரெய்னுக்கு உதைப்பு 12 அளவில் நின்றுவிடும். ஈயத்தைவிடச் செப்பு விரிவதற்குக் கூடுதல் வேகம் தேவைப்படுகிறது என்பதால், எந்த வேகம் வரை அது விரியும் என்று தயாரிப்பாளர் சொல்வதைப் பார்த்து உங்கள் தொலைவின் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். 250 மீட்டருக்கு 7 மி.மீ-08இல் கவலை இல்லை.

மறுமொழி 4

கட்டை நீளம் என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் என் கண்ணில் பட்டது. உங்கள் உதைப்புச் சிக்கலில் பாதி அங்கே இருக்கலாம். நீளமான கட்டை தோள்குழியில் அமராமல் புயத்தின் மேல் நிற்கும், அப்போது அதே 13 அடி-பவுண்டு இரு மடங்காக வலிக்கும்; கழுத்தை நீட்டி ஸ்கோப்பைத் தேடுவதால் புருவத்திலும் அடி விழும். புதியதை வாங்கும்போது உங்கள் கைக்கு அளந்து வாங்குங்கள். பின்முனையில் மென்மையான ரப்பர் பட்டை இருக்கட்டும்.

அடுத்தது ஓசை. கண் மூடிக்கொள்வதற்குத் தோளைவிடக் காதே பெரிய காரணம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பயிற்சிக் களத்தில் காதடைப்பானையும் அதன்மேல் காதுமூடியையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். குழல்வாயில் பொருத்தி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் பிரேக் உதைப்பைக் குறைக்கும், ஆனால் ஓசையைக் கூட்டும். உங்களுக்கு அது வேண்டாம். ஒலிக்குறைப்பானுக்கு அனுமதி உள்ள இடமானால் அது இரண்டையும் குறைக்கும்.

வெருட்சியைப் போக்க நான் செய்தது இது. உதைப்பு மிகக் குறைந்த, சிறிய தோட்டாவைச் சுடும் .22 ரிம்ஃபயர் ரைஃபிளில் சில நூறு தோட்டாக்கள் சுட்டேன். பிறகு நண்பர் ஒருவர் என் துப்பாக்கியில் சில முறை உண்மையான தோட்டாவையும், சில முறை மருந்தில்லாத போலித் தோட்டாவையும் எனக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்தார். போலித் தோட்டாவில் விசையை அழுத்தியபோது குழல் கீழே குனிந்ததைக் கண்ட அன்றுதான் என் குறை எனக்கே புரிந்தது. ஒரு நாளைக்கு இருபது தோட்டாவுக்கு மேல் பெரிய ரைஃபிளில் சுடுவதில்லை என்றும் வைத்துக்கொண்டேன்.

தோட்டா வாங்கும்போது 120 கிரெய்ன் செப்புக் குண்டில் இரண்டு மூன்று தயாரிப்புகளை ஒவ்வொரு பெட்டி வாங்கி, 100 மீட்டரில் மூன்று மூன்றாகச் சுட்டு, எதை உங்கள் குழல் நெருக்கமாகச் சேர்க்கிறது என்று பாருங்கள். பிறகு அதையே, ஒரே தொகுதி எண்ணில், பருவத்துக்குப் போதுமான அளவு வாங்கிவிடுங்கள். மானின் நெஞ்சில் உயிர்நிலை சுமார் 20 செ.மீ அகலம். 200 மீட்டரில் குறி திருத்தினால் 100 மீட்டரில் ஐந்தாறு செ.மீ மேலேயும், 250 மீட்டரில் பத்து செ.மீ அளவு கீழேயும் விழும். நெஞ்சின் நடுவைக் குறிவைத்தால் எங்கும் கணக்குப் போட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் .30-06 இருக்கும்போது 7 மி.மீ-08 வருகிறது, பின்னாளில் நண்பர் ஒருவர்.308உடனோ .243உடனோ உடன் வரலாம். இவை எல்லாவற்றுக்கும் உறையின் அடிப்பகுதி ஒரே விட்டம். குழலில் பொறித்திருக்கும் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பார்த்துவிட்டே உள்ளே போடுங்கள். இரண்டு வகைத் தோட்டாக்களை ஒரே பையில் எடுத்துச் செல்லாதீர்கள்.