சித்திரை பிறந்ததிலிருந்து பிரெட் உட்கார்ந்துவிடுகிறது

காயில் பட்டறை, மன்னார்குடி பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 57. மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வயல் மோட்டார், கிரைண்டர், மிக்சி, மின்விசிறி என்று எது புகைந்தாலும் என் பட்டறைக்குத்தான் வரும். அடுப்படிக்கும் எனக்கும் போன ஐப்பசி வரை சம்பந்தம் இல்லை. திருப்பூரில் இருக்கும் மகள் புது ஓவன் வாங்கியதால் பழையதை இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். 28 லிட்டர், 1500 வாட். வீட்டில் அதன் மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடைமழை, பட்டறையில் வேலை இல்லை, சும்மா உட்காரவும் முடியவில்லை. அப்படி ஆரம்பித்ததுதான் இந்த பிரெட் வேலை.

கார்த்திகையில் சுட்டதெல்லாம் செங்கல். மார்கழியில் கைக்குப் பிடிபட்டது. பொங்கலுக்கு வந்த பேத்தி கடை பிரெட்டை ஒதுக்கிவிட்டு "தாத்தா பிரெட்" கேட்க ஆரம்பித்தாள். டீக்கடைக் கூட்டாளிகள் நாலு பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு நாலு துண்டு போகும். அதில் ஒருவர் பால் காப்பியில் முக்கித் தின்றுவிட்டு "உனக்கு இந்த வயதில் இது தேவையா" என்பார். அடுத்த வாரமும் முதல் ஆளாக நிற்பார்.

என் கணக்கு இது: மைதா 500 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 10 கிராம், சர்க்கரை 30, வெண்ணெய் 30, தண்ணீர் 310 மில்லி. எல்லாமே தராசில் போட்டுத்தான். பிசைந்த மாவு முதல் தடவை பொங்க ஒன்றேகால் மணி நேரம், டின்னில் போட்டபிறகு முக்கால் மணி நேரம். 200 டிகிரியில் 30 நிமிடம். டின் கும்பகோணத்துப் பாத்திரக் கடையில் வாங்கிய அலுமினிய டின்.

சித்திரை பிறந்து மூன்று தடவை சுட்டேன், மூன்றும் பாழ். மாவு டின்னைத் தாண்டிப் பொங்குகிறது. பார்த்தால் மனசு நிறைகிறது. ஓவனுக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் நடுவில் பள்ளம் விழுந்துவிடுகிறது. வெளியே எடுத்தால் பழைய கள்ளு வாடை. மேல்தோல் சிவக்கவே இல்லை, வெளுத்துக் கிடக்கிறது. ஈஸ்ட் செத்துவிட்டதோ என்று வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரை போட்டுச் சோதித்தேன், பத்து நிமிடத்தில் நுரைத்துவிட்டது. மைதா அதே கடை. பங்குனியிலிருந்து பிசையும் வேலையை டேபிள் டாப் கிரைண்டருக்குக் கொடுத்துவிட்டேன், அது ஒன்றுதான் மாற்றம். போர்வெல் தண்ணீர் வேறு லேசாகக் கரிக்கும். வீட்டுக்காரி கண் பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். அதற்குப் பிறகும் ஒன்று உட்கார்ந்துவிட்டது.

லீவுக்குப் பேத்தி வரும் வெள்ளிக்கிழமை வருகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளத்து வீடு, வேதாரண்யம்

ஐயா, தண்ணீர் மேல் பழி போடாதீர்கள். எங்கள் ஊர்த் தண்ணீரைவிடக் கரிக்கிற தண்ணீரையா நீங்கள் பார்த்திருக்கப் போகிறீர்கள்! நானும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாயில் வைத்தால் முகம் சுளிக்கிற தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டாலும், 310 மில்லிக்கு 0.6 கிராம்தான் வரும். நீங்கள் போடுகிற 10 கிராமுக்கு முன்னால் அது எம்மாத்திரம்? வேண்டுமானால் ஒரு சிட்டிகை குறைத்துக்கொள்ளுங்கள். கல்லுப்பை ஸ்பூனில் அளக்கிறவர்களுக்குத்தான் வம்பு, ஒரு நாள் ஒரு அளவு வரும். நீங்கள் தராசு ஆள், அதனால் அந்தச் சந்தேகமும் இல்லை.

எனக்கு பிரெட் அவ்வளவாக வராது, கேக்தான். ஓவனும் கிடையாது. அடி கனத்த குண்டானில் ஆற்று மணலைப் பரப்பி, மேலே பிரிமனை வைத்து, அதன் மேல் கேக் பாத்திரம். கஜா புயல் அடித்தபோது, 2018 நவம்பர் 16, விடியும்போது எங்கள் தோப்பில் நின்ற மரங்களை விரல் விட்டு எண்ணலாம். கரண்ட் இல்லாத அந்த நாட்களில் விறகடுப்பில் இதே மணல் குண்டானில்தான் தெருப் பிள்ளைகளுக்கு கேக் சுட்டேன். விழுந்த மரத்துத் தேங்காய் மலை மாதிரி கிடந்தது, அதனால் எல்லாமே தேங்காய் கேக். அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்கு இன்றும் தேங்காய் கேக் என்றால் ஆகாது, அவ்வளவு தின்றிருக்கிறாள். விஷயத்தை விட்டு எங்கேயோ போய்விட்டேன். பிரெட் தெரிந்தவர்கள் வாருங்கள்.

காரைக்கால் அடுப்படி

அண்ணே, ஒரே ஒரு கேள்வி. உங்கள் வீட்டில் இட்லி மாவை மார்கழியிலும் சித்திரையிலும் ஒரே நேரமா வைக்கிறார்கள்? மார்கழியில் கம்பளி போர்த்தாத குறையாக அடுப்போரம் வைப்பார்கள். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்குக் கரைத்தால் விடியுமுன் வழிந்து மேடையெல்லாம் மாவாகிவிடும். அண்ணியைக் கேளுங்கள், மிளகாய் சுற்றிய அதே கையால் காட்டிக்கொடுப்பார்கள். பிரெட் மாவும் அந்த ஜாதிதான். அது கடிகாரம் பார்க்காது, சூடுதான் பார்க்கும். உங்கள் மாவு ஒன்றேகால் மணி நேரம் முடிவதற்குள் பொங்கி முடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் தீர்த்துவிட்டு, ஓவனுக்குள் போய் மயங்கி விழுகிறது. கள்ளு வாடைக்கும் அதுதான் காரணம்.

பிசைந்து முடிக்கும்போது மாவு 26 டிகிரியில் இருந்தால் நல்லது. அதற்கு ஒரு கணக்கு உண்டு. 26-ஐ மூன்றால் பெருக்குங்கள், 78. அதிலிருந்து மைதாவின் சூடு, அடுப்படியின் சூடு இரண்டையும் கழியுங்கள். எங்கள் வீட்டில் இப்போது இரண்டுமே 35, ஆக மீதி 8. பிசைகிற உரசலில் ஏறும் சூட்டுக்குக் கையென்றால் இன்னும் 3, 4 கழியுங்கள். வருகிற விடைதான் ஊற்ற வேண்டிய தண்ணீரின் சூடு. அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீர். கிரைண்டர் என்றால் கையைவிடக் கூடுதலாகச் சூடேற்றும், அதனால் தண்ணீரில் கொஞ்சத்தை ஐஸாகப் போடுங்கள். 310 கிராமுக்குள் ஐஸும் அடக்கம், அதை மறந்து கூடப் போட்டுவிட்டு மாவு ஒட்டுகிறது என்று வராதீர்கள்.

ஈஸ்ட் 3 கிராம் போதும். பிசைந்து அரைமணி வெளியே வைத்து, மூடி ஃபிரிட்ஜில் தூக்கிப் போட்டுவிடுங்கள். இரவு முழுக்க இருக்கட்டும், ருசியும் கூடும். டின்னில் போட்டபிறகு மணி பார்க்காதீர்கள். விரலில் மாவு தொட்டு லேசாக அமுக்குங்கள். உடனே எழும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. மெதுவாக, பாதி அளவு எழும்பினால் ஓவனில் வையுங்கள். எழும்பாமல் குழி அப்படியே நின்றால் கடந்துபோய்விட்டது. கையால் அழுத்திக் காற்றை எடுத்து மறுபடி உருட்டிவிடுங்கள், அல்லது தட்டி எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டிவிடுங்கள். யாருக்கும் தெரியாது.

காரைக்கால் என்றதும் பிரெஞ்சு ரொட்டிப் பரம்பரை என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் 1954-இலேயே கிளம்பிவிட்டார்கள். எனக்கு இதெல்லாம் கற்றுக்கொடுத்தது யூடியூப்பும், வீணாய்ப்போன ஒரு மூட்டை மைதாவும்.

காயில் பட்டறை, மன்னார்குடி பக்கம்

தங்கச்சி, இட்லி மாவு உதாரணத்தைப் படித்துக் காட்டியதும் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "நான் சொன்னால் கேட்டிருப்பீர்களா?" என்கிறாள். உண்மையில் அவள் சொல்லவே இல்லை. அதைச் சொல்லிச் சண்டை வளர்க்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நேற்று நீங்கள் சொன்னபடி ஐஸ், 3 கிராம் ஈஸ்ட். சனிக்கிழமை இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்து, ஞாயிறு பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து சாயங்காலம் ஆறு மணிக்குச் சுட்டேன். கள்ளு வாடை போயேபோய்விட்டது. விரல் சோதனையும் சரியாக வந்தது. ஆனால் முழுக்கச் சரியாகவில்லை. லேசான பள்ளம் இன்னும் விழுகிறது. மேல்தோல் வெளுப்பு அப்படியே. 30 நிமிடத்துக்கு 45 நிமிடம் வைத்தும் சிவக்கவில்லை, காய்ந்துதான் போனது.

திருவையாறு கேக் பொண்ணு

அங்கிள், எனக்கு பிரெட் தெரியாது, ஆனால் அந்தப் பள்ளம் தெரியும். நான் ஃபிரெண்ட்ஸ் பர்த்டேக்கு கேக் செய்வேன். கோடையில் சாயங்காலம் செய்தால் நடுவில் குழி. அதே கேக்கைக் காலையில் செய்தால் குழி இல்லை. பேக்கிங் பவுடரை மாற்றினேன், முட்டையை மாற்றினேன், டின்னைக்கூட மாற்றினேன். கடைசியில் காலையிலேயே செய்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். காரணம் இன்றுவரை தெரியாது. நீங்களும் சாயங்காலம்தான் சுடுகிறீர்களா? உங்கள் ஓவன் சூடேற எவ்வளவு நேரம் எடுக்கிறது?

காயில் பட்டறை, மன்னார்குடி பக்கம்

பாப்பா, உன் கேள்வியைப் படித்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். உடனே பட்டறைக்குப் போய் மீட்டரை எடுத்துவந்து பிளக்கில் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஆறரை மணி, ஓவன் ஓடுகிறது. 180 வோல்ட்.

ஊருக்கெல்லாம் லோ வோல்டேஜில் மோட்டார் ஏன் எரிகிறது என்று பாடம் நடத்துகிறவன் நான். சொல்லப்போனால் லோ வோல்டேஜ்தான் எனக்குச் சோறு போடுகிறது. ஓவனும் ஒரு காயில்தான் என்பது இத்தனை நாள் இந்த மண்டையில் ஏறவில்லை பாருங்கள்.

எல்லோருக்கும் புரியும்படி சொல்கிறேன். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால் 22 சதவீதம்தானே குறைவு என்று தோன்றும். சூடு அப்படிக் குறையாது. வர வேண்டிய வோல்டேஜில் எத்தனை பங்கு வருகிறதோ, அதை அதனாலேயே பெருக்க வேண்டும். 180-ஐ 230-ஆல் வகுத்தால் 0.78. அதை அதனாலேயே பெருக்கினால் 0.61. என் 1500 வாட் ஓவன் சாயங்காலத்தில் 920 வாட் ஓவன். முன்சூடு ஏற மார்கழியில் 15 நிமிடம். இப்போது அரைமணி நேரம் ஆகியும், சூடு ஏறியதும் அணைய வேண்டிய விளக்கு அணையவில்லை. கதவைத் திறந்து டின்னை வைத்ததும் இறங்குகிற சூடு திரும்ப ஏறுவதே இல்லை. அந்த மந்தச் சூட்டில் மாவு இன்னும் பொங்கிக்கொண்டே போகிறது, தோல் இறுகித் தாங்கிப் பிடிப்பதற்குள் சரிந்துவிடுகிறது. கேக்குக்கும் இதே கதைதான் பாப்பா. உன் முட்டை மேல் குற்றமில்லை.

மார்கழிச் சாயங்காலத்தில் மட்டும் ஏன் சரியாக வந்தது என்று யோசித்தேன். அப்போது வயலில் தண்ணீர் நிற்கும், மோட்டார் ஓடாது. வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை அடைத்தால் மறுபடி திறப்பது ஜூன் 12. இடையில் பருத்தி, கோடை நெல் எல்லாம் போர்வெல்லை நம்பித்தான். போதாததற்கு வீட்டுக்கு வீடு ஏசி. என் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. எல்லோரும் உறிஞ்சியது போக மிச்சம்தான் எனக்கு.

ஸ்டெபிலைசர் போடலாமே என்பீர்கள். இந்த ஓவனுக்கு 2 கேவிஏ வேண்டும். ஒரு பிரெட்டுக்கு அவ்வளவு பெரிய பெட்டியா? அதுவும் இளைத்த லைனிலிருந்து இன்னும் கூடுதலாக ஆம்பியர் இழுக்கும். என் பிரெட் சிவக்க எதிர்வீட்டுக் கிழவிக்கு ஃபேன் மெதுவாகச் சுற்றும். வேண்டாம்.

நாளை விடிகாலை பார்க்கிறேன்.

காரைக்கால் அடுப்படி

ஃபிரிட்ஜ் மாவுக்கு விடிகாலைதான் வசதி அண்ணே. மூன்றரைக்கு எடுத்து உருட்டி டின்னில் போடுங்கள். குளிர்ந்த மாவு எழும்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதற்குள் ஓவனைச் சூடேற்றிக்கொள்ளலாம். வெந்ததா என்று அடியில் தட்டிப் பாருங்கள், காலிப் பானையைத் தட்டுகிற சத்தம் வர வேண்டும். வெளியே எடுத்ததும் டின்னிலிருந்து கவிழ்த்துக் கம்பித் தட்டில் வையுங்கள். ஒரு மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்காதீர்கள், உள்ளே பிசினாக ஒட்டும்.

உப்பளத்து வீடு, வேதாரண்யம்

என் மணல் குண்டானுக்கு வோல்டேஜ் கிடையாது என்று சொல்லிக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

காயில் பட்டறை, மன்னார்குடி பக்கம்

வெள்ளிக்கிழமை பேத்தி வந்தாள். சனி விடிகாலை அஞ்சு மணிக்கு மீட்டர் 226 காட்டியது. 14 நிமிடத்தில் ஓவனின் விளக்கு அணைந்தது. டின்னை உள்ளே வைத்துவிட்டு முக்காலியைப் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், பள்ளம் விழவில்லை. இருபதாவது நிமிடம் சிவக்க ஆரம்பித்தது. காயிலுக்கு வார்னிஷ் போட்டுச் சூட்டில் வைத்து எடுத்தால் ஒரு நிறம் வரும், அந்த நிறம். வாசனைக்கு வீடே எழுந்துவிட்டது. பால்காரர்கூடப் பாலை அளந்துவிட்டு நின்றார்.

தங்கச்சி, ஒரு மணி நேரம் ஆறவிடச் சொன்னீர்கள். நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் ஒரு முனையைக் காணோம். கத்தி வைக்கவில்லை, கையால் பிய்த்திருக்கிறார்கள். வீட்டுக்காரி பேத்தியைக் காட்டுகிறாள், பேத்தி அவளைக் காட்டுகிறாள். இரண்டு பேர் உதட்டிலும் மைதா.

டீக்கடைக்கு இன்னொன்று சுட வேண்டும். ஒரே ராத்திரியில் இரண்டு மாவு பிசைந்தால் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கு இடம் இல்லை என்கிறாள். அதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.