மறு: 'வளி உரிப்பு' பொருந்துமா?

நண்பர்களே,

தாவரச் செல் வளர்ப்புக் கையேட்டின் வரைவில் 'கேஸ் ஸ்ட்ரிப்பிங்' என்பதை 'வளி உரிப்பு' என்று போட்டிருக்கிறோம். உரிப்பதற்குத் தோல் வேண்டும். இங்கே, ஊதிய காற்றின் குமிழ் மேலேறும்போது செல்கள் வளரும் நீர்ம ஊடகத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் எத்திலீனையும் தன்னுள் வாங்கிக்கொண்டு கலனைவிட்டே போய்விடுகிறது. களத்துமேட்டுக் காற்றை நினைத்து 'வளித்தூற்றல்' என்று முன்வைக்கிறேன்.

— மல்லேசுவரம், பெங்களூரு

ஐயா, வணக்கம்.

'உரிப்பு' வேண்டாம், சரி. ஆனால் தூற்றும்போது போவது பதர், நிற்பது நெல். இங்கே போவதே செல்லுக்கு வேண்டியது. நித்தியகல்யாணிச் செல்கள் குடுவையில் தரும் அளவு அஜ்மலிசின் என்னும் மருந்துப்பொருளைக் காற்றூதும் கலனில் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். குடுவையின் அடைப்பு, செல்கள் விடும் வாயுக்களை ஓரளவு தேக்கிவைக்கும். 5 லிட்டர் ஊடகத்தில் நிமிடத்துக்கு 2.5 லிட்டர் ஊதினால் எது தங்கும்? வெள்ளம் வாரிக்கொண்டு போனது என்கிறோமே, அந்த 'வாரல்'தான் பொருத்தம். வாருவது குமிழ், ஆகவே 'குமிழ்வாரல்'.

நம் ஊருக்கு இது கூடுதலாகவே பொருந்தும். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. 25 டிகிரியில் சென்னையில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் நீரில் இங்கே 7.4தான். அந்தந்த ஊர்க் காற்றில் அளவுதிருத்திய ஆக்சிஜன் உணரி இரண்டிடத்திலும் 100 விழுக்காடு என்றே காட்டும். குறையை ஈடுகட்டக் காற்றைத் திறந்துவிட்டால் வாரலும் கூடும்.

விளைச்சல் விழுந்ததும் கலக்கியைக் குறை சொல்லிவிடுகிறார்கள். முதலில் கலக்கி வேகத்தைத் தொடாமல் ஊதும் அளவை 0.5 லிட்டராக இறக்குங்கள். உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் கலந்து, கரைந்த ஆக்சிஜனைப் பழைய அளவிலேயே நிறுத்துங்கள். விளைச்சல் மீண்டால் கலக்கியும் ஆக்சிஜனும் காரணமல்ல. அடுத்து, பழையபடி 2.5 லிட்டர் ஊதி, அதில் 2 விழுக்காடு கரியமில வாயு சேருங்கள். அப்போதும் மீண்டால் வாரிப் போனது கரியமில வாயு. மீளாவிட்டால் எத்திலீன் போன்ற வேறு வாயுக்களைத் தேட வேண்டும்.

— ஜாலஹள்ளி

அம்மா,

'தலைவாரல்' நினைவுக்கு வருமே என்று தயங்கினேன். 'குமிழ்' முன்னால் நிற்பதால் குழப்பமில்லை. 'வாரல் வீதம்', 'வாரல் இழப்பு' என்று கிளைக்கவும் செய்கிறது. வெளியேறும் வாயுவையே திரும்பச் சுற்றவிடுவதற்கு 'வாரல் மீட்பு' என்று வைக்கலாம். அந்தப் பதிவில் ஓர் எச்சரிக்கை வேண்டும்: முழுவதையும் சுற்றவிட்டால் ஆக்சிஜன் தீர்ந்து கரியமில வாயு குவியும். ஒரு பகுதியை வெளியேற்றி, ஆக்சிஜனைத் தொடர்ந்து சேர்க்க வேண்டும்.

'வளித்தூற்றலை'த் திரும்பப் பெறுகிறேன். வரைவில் 'குமிழ்வாரல்' என்று திருத்திவிடுகிறேன்.

— மல்லேசுவரம்