ஏற்றது 87, மிச்சம் ஏன் 48?

அமெரிக்க ஆன்லைன் கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரிக்கு, வேறிடத்தில் படித்த கிரெடிட்டை (பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) மாற்றும்போது மதிப்பீட்டுத் தாளின் முதல் வரி ஏமாற்றும். உதாரணத்துக்கு, ‘ஏற்கப்பட்டவை: 87’. டிகிரிக்கு வேண்டிய 120-இல் 87 கழிந்தால் 33 என்று மனசு கணக்குப் போட்டுவிடும். கீழே இறங்கி வரிவரியாகப் பார்த்தால் 54 கிரெடிட்டுக்குத்தான் எதிரே பாடப் பெயர் இருக்கும். மீதி 33-க்கும் ‘ஜெனரல் எலெக்டிவ்’, அதாவது எந்தக் கட்டாயப் பாடத்துக்கும் ஈடாகாத பொது விருப்பப் பாடம். டிகிரியில் எலெக்டிவுக்கு 18 கிரெடிட்தான் இடம் என்றால் 15 வாசலிலேயே நிற்கும். ஆக, படிக்க வேண்டியது 48; பாடத்துக்கு 3 கிரெடிட் என்றால் ஐந்து பாடம் கூடுதல். அந்த எலெக்டிவ் கும்பலில் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் கிடப்பதுதான் கொடுமை. வந்தது லோயர் லெவல் (முதல் இரண்டு வருடத் தரம்), கல்லூரி கேட்பது அப்பர் லெவல் (கடைசி இரண்டு வருடத் தரம்), அவ்வளவுதான் காரணம்.

~

//15 வாசலிலேயே நிற்கும்//

அந்த 15-ஆவது கண்ணுக்குத் தெரிகிறது. செமஸ்டருக்குப் பதில் குவார்ட்டர் என்ற குறுகிய பருவங்களில் நடத்தும் கல்லூரியின் கணக்கு தெரியாமலே கடிக்கும். ஒரு குவார்ட்டர் கிரெடிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. 5 குவார்ட்டர் கிரெடிட் கால்குலஸ் 3.33 ஆகத்தான் வந்து சேரும். டிகிரி 4 கேட்டால் 0.67 துண்டு விழும். பாடம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு மொத்தத்தில் மட்டும் குறைப்பார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

வகுப்புக்குப் போகாமல் தேர்வு எழுதியே கிரெடிட் வாங்கும் கிளெப் (CLEP) கால்குலஸ் என்றால் 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால் 4 கிரெடிட் என்பது ஏஸ் (ACE, அமெரிக்கக் கல்விக் கவுன்சில்) பரிந்துரை. கல்லூரி அதைவிட அதிகம் கேட்கலாம். தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி எழுத முடியும், அதையும் சேர்த்துத் தேதி குறியுங்கள். மற்றபடி, கையில் இருப்பதையெல்லாம் அனுப்பாதீர்கள். வேண்டியதை மட்டும் அனுப்புங்கள்.

~

//வேண்டியதை மட்டும் அனுப்புங்கள்//

இதைப் படித்துவிட்டு யாராவது பழைய கல்லூரியை மறைக்கப் போகிறார்கள்! விண்ணப்பத்தில் முன்பு சேர்ந்த கல்லூரி அத்தனையையும் கேட்டால் அத்தனையையும் சொல்லியாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் அட்மிஷனே போகும். தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்பது சோஃபியா, ஸ்டடி.காம் மாதிரியான ஆன்லைன் பாடத் தளங்களில் வாங்கும் ஏஸ் கிரெடிட்டுக்குத்தான் பொருந்தும். அங்கேயும் ஏஸ் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் பரிந்துரை செல்லும் தேதி வரம்பு உண்டு. முடித்த தேதி அதற்குள் விழ வேண்டும்.

அமெரிக்க அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். டிகிரிக்கு ஏற்கப்பட்ட மாற்று கிரெடிட், ‘முயன்ற கிரெடிட்’ கணக்கிலும் ஏறும். உதவித்தொகைக்கு அந்தக் கணக்கின் உச்சவரம்பு டிகிரி அளவில் 150 சதவீதம், அதாவது 120-க்கு 180.

கேட்காமலே இதையும் சொல்கிறேன்: டபிள்யூ.ஜி.யு. (வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி) என்ற ஆன்லைன் பல்கலை மாதிரி ஆறு மாத டெர்முக்கு ஒரே கட்டணம் வாங்கும் இடத்தில் கணக்கே வேறு. முழுநேர இளங்கலைக்கு டெர்முக்கு 12 யூனிட் (அங்கே கிரெடிட்டுக்கு அதுதான் பெயர்) குறைந்தபட்சம். அதற்கு மேல் எத்தனை முடித்தாலும் கட்டணம் ஏறாது. அதனால் வெளியே மாதச் சந்தா கட்டி முடிக்கும் ஒரு பாடம், ஒரு டெர்மையே குறைத்தால்தான் லாபம். எப்படியும் அதே டெர்முக்குள் முடிந்துவிடும் சுலபமான பாடத்துக்கு வெளியே சந்தா கட்டுவது தண்டம். டெர்மைத் தின்னும் பாடங்களைத்தான் முதலில் வெளியே தள்ளணும். மாற்ற வேண்டியதைச் சேருவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

~

முதல் பதிவின் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸுக்கே வருகிறேன். லெவல்தான் தடை என்றால் மேல்முறையீடு கஷ்டம். பாடம் ஒத்துப்போகிறதா என்ற சந்தேகம்தான் தடை என்றால் சிலபஸ் அனுப்பிக் கேட்கலாம். ஒரு பத்தி விவரணை போதாது. வாரவாரியான தலைப்புகள், பாடநூல் பதிப்பு, வகுப்பு மணிநேரம், எந்த மொழியில் நிரல் எழுதினார்கள் என்பதெல்லாம் வேண்டும். அங்கே பைத்தான், இங்கே சி++ என்றால் பாயின்டரும் மெமரி மேனேஜ்மென்டும் எந்த வாரத்தில் வந்தன என்று தேடுவார்கள். அட்மிஷன் ஆலோசகரின் வாய்ச்சொல்லோடு நின்றுவிடாதீர்கள். சிலபஸைப் பார்த்துத் தீர்மானிப்பது பெரும்பாலும் துறைதான்.