இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைக்கும்போது, குழாய்க்குள்ளிருந்தே படம் பிடிக்கும் ஐவஸ் (IVUS), ஓசிடி (OCT) பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. ஸ்டென்ட் வைத்துக் கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். அப்புறம் மாடி ஏறினாலே நெஞ்சை அடைக்க ஆரம்பித்தது. ஆஞ்சியோ எடுத்தால் பழைய ஸ்டென்டுக்குள்ளேயே அடைப்பு. இந்த முறை பார்த்த டாக்டர், "உடனே இன்னொன்று வைக்க வேண்டாம், முதலில் உள்ளே என்ன என்று பார்ப்போம்" என்று ஐவஸ் செய்தார். நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்த மெல்லிய குழாய் அது. முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். ஸ்டென்டின் கம்பிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தன. வட்டமாக நிற்க வேண்டியவை ஒரு பக்கம் நசுங்கிக் கிடந்தன. அங்கே பளிச்சென்று ஒரு வளைவு, அதன் பின்னால் கறுப்பு நிழல். "இதுதான் கால்சியம், இது விடாததால் ஸ்டென்ட் விரியவே இல்லை" என்றார். அதிர்வலை அனுப்பும் ஷாக்வேவ் பலூனால் அதை உடைத்து, பெரிய பலூனால் விரித்து, மறுபடி ஐவஸ் பார்த்து அளந்த பிறகுதான் விட்டார். புது ஸ்டென்ட் தேவைப்படவில்லை.

*

ஆஞ்சியோ, ஸ்டென்ட் செய்யும் கேத் லேபில் வேலை பார்க்கிறேன். ஆஞ்சியோவில் தெரிவது சாயம் ஓடும் வழி மட்டும்தான், ரத்தக்குழாயின் சுவர் தெரியாது. ஐவஸ் ஒலியால் பார்க்கும், ஓசிடி ஒளியால். ஓசிடி 10–20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும். ஸ்டென்ட் கம்பி சுவரை ஒட்டாமல் நின்றால்கூடத் தப்பாது. ஆனால் நடுவில் ரத்தம் இருந்தால் படம் விழாது. அதனால் சாயத்தைச் செலுத்தி ரத்தத்தை விலக்கி, சில நொடிகளில் படம் எடுத்துவிடுவோம். கிரியாட்டினின் ஏறியவர்களுக்கு, அதாவது சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, அதிகச் சாயம் ஆகாது என்பதால் பெரும்பாலும் ஐவஸ்தான். கால்சியம் பாதி வட்டத்துக்கு மேல் சூழ்ந்து, 0.5 மி.மீ.க்கு மேல் தடித்து, 5 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தால் ஸ்டென்ட் சரியாக விரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். முதலில் அதை உடைக்க வேண்டும், அல்லது வேகமாகச் சுழலும் ரோட்டா முனையால் அரைக்க வேண்டும்.

கொரியாவில் சிக்கலான அடைப்பு உள்ள 1,639 பேரிடம் நடந்த ஆய்வு 2023-இல் வந்தது. இதய மரணம், அதே குழாயால் மாரடைப்பு, அதே குழாய்க்கு மறுசிகிச்சை, இவை சேர்ந்து 3 ஆண்டில் உள்ளே பார்த்துச் செய்தவர்களில் 7.7%, ஆஞ்சியோவை மட்டும் நம்பிச் செய்தவர்களில் 12.3%. லெஃப்ட் மெயின் (இதயத்தின் இடப்பக்க முதன்மை ரத்தக்குழாய்), கிளை பிரியும் இடம், நீளமான அடைப்பு என்றால் ஐவஸோ ஓசிடியோ செய்வீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

*

எனக்கு ஓசிடி செய்தார்கள். முழு நினைவோடுதான் இருந்தேன். சாயம் போகும்போது நெஞ்சுக்குள் ஒரு சூடு, அவ்வளவுதான், வலி இல்லை. பில்தான் வலித்தது! 2017-இல் அரசு உச்சவரம்பு வைத்தது ஸ்டென்ட் விலைக்கு. ஓசிடி குழாய்க்குத் தனி பில். இன்ஷூரன்ஸ் அனுமதி கேட்கும்போதே இதையும் எழுதச் சொல்லிவிடுங்கள். என் தம்பிக்கு ஒரே ஒரு சின்ன அடைப்பு, டாக்டர் ஓசிடி தேவையில்லை என்றார், நாங்களும் வற்புறுத்தவில்லை.