மதுரை மல்லியும் முப்பது சுண்டெலியும்: பதற்றத்துக்கு மூலிகை தேட விலங்குச் சோதனை வேண்டுமா?

தெப்பக்குளம்_திவ்யா | திங்கள், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எம்.பார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், மருந்தியல் பிரிவு. புராஜெக்டுக்கு மதுரை மல்லியை எடுத்திருக்கிறேன். பூவை நிழலில் உலர்த்தி, எத்தனாலில் ஊறவைத்து எடுக்கும் சாறு சுண்டெலிகளின் பதற்றத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து குழு, குழுவுக்கு ஆறு, மொத்தம் 30. ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் கரைசல், ஒன்றுக்குப் பதற்றம் தணிக்கும் டயாசிபாம் மருந்து, மற்ற மூன்றுக்கும் உடல் எடை கிலோவுக்கு 100, 200, 400 மில்லிகிராம் சாறு வாய்வழியாக.

வீட்டில் பெரியப்பா கேட்டார்: "பூ வாசம் மனசுக்கு இதம்னு ஊருக்கே தெரியும். அதுக்கு எதுக்கும்மா முப்பது உசுரு?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எத்திக்ஸ் கமிட்டிக்கு அடுத்த மாதம் விண்ணப்பம் போக வேண்டும். அதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன். இதைச் செய்வது சரிதானா?

பசுமலை_ஆய்வாளன் | திங்கள், இரவு 10:25

தாராளமாகச் செய்யுங்கள் திவ்யா. பெரியப்பாவின் கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. மனிதர் ஒருவர் "இதமாக இருக்கிறது" என்று சொன்னால், அதில் எவ்வளவு பூ, எவ்வளவு நினைவு என்று பிரிக்க முடியாது. நமக்கு மல்லிகை என்றால் அம்மாவின் கொண்டை, மீனாட்சி கோயில் வாசல், கல்யாண வீடு. சுண்டெலிக்கு அந்த நினைவெல்லாம் கிடையாது. அதற்கு மாற்றம் வந்தால் பூவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

மருந்தியல் படிக்காதவர்களுக்காகச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டல் குறி மாதிரி ஒரு மேடை, தரையிலிருந்து சுமார் அரை மீட்டர் உயரம். நான்கு கைகளில் இரண்டுக்குச் சுவர் உண்டு, இரண்டு திறந்தவை. எலியை நடுவில் விட்டு ஐந்து நிமிடம் பார்ப்போம். புது இடத்தைத் துழாவும் ஆசை ஒரு பக்கம், வெட்டவெளியும் உயரமும் தரும் பயம் ஒரு பக்கம். பயம் குறைந்தால் திறந்த கைகளுக்குப் போய் உலாவும். 1985-இல் பெல்லோவும் உடன் ஆய்வாளர்களும் இதை எலிகளில் சரிபார்த்தார்கள். மனிதருக்குப் பதற்றம் தணிக்கும் மருந்துகள் இதிலும் தணித்தன. பதற்றத்தைக் கூட்டும் மருந்துகள் கூட்டின.

மல்லிகை வாசத்தில் லினலூல் என்று ஒரு பொருள் உண்டு. லாவெண்டரிலும் அதுதான். ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் அதைச் சுண்டெலிகளுக்கு முகரக் கொடுத்து 2018-இல் வெளியிட்டார்கள். பதற்றம் குறைந்தது, நடை தள்ளாடவில்லை. மோப்ப உணர்வை அழித்த சுண்டெலிகளிடம் அந்தப் பலன் இல்லை. டயாசிபாமின் வேலையைத் தடுக்கும் ஃப்ளூமசெனில் மருந்தைக் கொடுத்ததும் பலன் மறைந்தது, அதாவது டயாசிபாம் மூளையில் போய் உட்காரும் அதே காபா ஏற்பிதான் வழி. மோப்பத்தை அழித்துப் பார்க்கும் சோதனையை எந்த மனிதரிடம் செய்ய முடியும்?

சிம்மக்கல்_மருந்துக்கடை | செவ்வாய், காலை 7:10

28 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் இந்தச் சோதனைக்கு எதிர்ப்பு. காரணத்தை ஆய்வாளன் தம்பி கொடுத்த உதாரணத்திலிருந்தே சொல்கிறேன்.

ககோஷிமாவில் சுண்டெலி முகர்ந்தது. மூக்கு வேலை செய்யாவிட்டால் பலனே இல்லை என்று அவர்களே காட்டிவிட்டார்கள். திவ்யா என்ன செய்யப் போகிறது? பூவை உலர்த்தி, எத்தனாலில் ஊறவைத்து, அந்த எத்தனாலைச் சூட்டில் ஆவியாக்கி, மிஞ்சும் பசையைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கப் போகிறது. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விடிகாலை மொட்டு வாங்கி, சாயங்காலம் அதை மோந்து பாருங்கள். அடுத்த நாள் மத்தியானம் மோந்து பாருங்கள். லினலூல் காற்றோடு போகிற சரக்கு. பசையில் எவ்வளவு மிஞ்சும்? எதைச் சோதிக்கிறோம் என்றே தெரியாமல் முப்பது உயிரை எடுப்பதா?

அடுத்தது அளவு. சுண்டெலிக்குக் கொடுத்ததை மனிதருக்கு மாற்றும்போது 12.3-ஆல் வகுக்க வேண்டும். 400 மில்லிகிராம் கிட்டத்தட்ட 32 ஆகிறது. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் சாறு. இலை இல்லை, பூ இல்லை, சுண்டக் காய்ச்சிய சாறு. அதை யார் தினமும் சாப்பிடுவார்கள்?

என் கோபத்துக்கு வேறு காரணமும் உண்டு. மூன்று வருடத்துக்கு முன் என் அம்மா பக்கத்து ஊரில் ஒரு கடையில் மூலிகைப் பொடி வாங்கினார். அட்டையில் "மனப்பதற்றத்துக்கு, ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று இருந்தது. பதற்றத்துக்கு டாக்டர் எழுதிய, தூக்கம் வரவைக்கும் குளோனசெபாம் மாத்திரையோடு அதையும் எனக்குச் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார். பத்தாவது நாள் பகலிலேயே சொக்கிப் போய் முற்றத்தில் விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. அந்தக் கடைக்காரரிடம் எந்த ஆய்வு என்று கேட்டேன். எடுத்துக் காட்டினார். ஒரு கல்லூரி ஆய்வு, குழுவுக்கு ஆறு எலி. ஆட்டம் அடங்கி எலி மூலையில் கிடந்தால் அதுவும் சிலருக்குப் "பதற்றம் தணிந்தது"தான். தூக்கம் வருவதும் பயம் போவதும் வேறு வேறு. அதைப் பிரித்துக் காட்டும் சோதனை அந்தக் கட்டுரையில் ஒன்றுகூட இல்லை.

சோழவந்தான்_வைத்தியர்வீடு | செவ்வாய், காலை 11:30

இருவரும் ஒரே தொழுவத்தில் நின்றுதான் சண்டை போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாகச் சித்த வைத்தியம். பதற்றம், தூக்கமின்மை என்று வருகிறவர்களுக்கு அமுக்கரா (அஸ்வகந்தா) கொடுக்கிறோம். கிழங்கை அப்படியே கொடுப்பதில்லை. பால் ஊற்றிய பானையின் வாயைத் துணியால் கட்டி, அதன் மேல் பொடியை வைத்துப் பிட்டவியலாக அவித்து, காயவைத்து, மறுபடி இடித்துச் சலித்துத்தான் சூரணம். எத்தனாலில் ஊறவைத்த சாறு எலிக்கு என்ன செய்தது என்பது எங்கள் சூரணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மல்லிகைக்கே வருகிறேன். பால் கட்டிக்கொண்ட தாய்க்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். 1988-இல் வெளியான ஓர் ஆய்வில் அதைப் பிள்ளை பெற்ற பெண்களிடமே நேராகப் பார்த்தார்கள், பால் சுரப்பை நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு. பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனை ரத்தத்தில் மாத்திரை அதிகமாகக் குறைத்தது. ஆனால் பால் வற்றுவதில் பூவும் மாத்திரையும் சமமாக நின்றன. தலைமுறைகளாக மனிதர் பயன்படுத்தும் பொருளை மனிதரிடமே, கவனமாக, கணக்கு வைத்துப் பார்க்கலாம். நடுவில் சுண்டெலி எதற்கு?

பசுமலை_ஆய்வாளன் | செவ்வாய், மாலை 4:05

மருந்துக்கடை சாருக்கு முதலில்: லினலூல் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். அம்மாவுக்கு நடந்தது வருத்தமாக இருக்கிறது. தூக்கத்தையும் பதற்றத் தணிவையும் பிரிக்க, சுழலும் உருளையில் எலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. மேடையில் அது மொத்தம் எத்தனை முறை கைகளுக்குள் போனது என்ற கணக்கும் இருக்கிறது. செய்யாமல் விட்டது அந்த ஆய்வாளரின் குற்றம்.

வைத்தியர் ஐயாவுக்கு: தலைமுறைப் பழக்கம் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. பசிபிக் தீவுகளில் காவாக் கிழங்கை வெகுகாலமாகக் குடித்து வருகிறார்கள், மனம் அமைதியாகும் என்று. ஐரோப்பாவில் அதை மாத்திரையாக விற்றபோது ஈரல் கெட்ட செய்திகள் வந்து 2002-இல் ஜெர்மனி தடை போட்டது. 2014-இல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, விவாதம் ஓயவில்லை. நம் சர்ப்பகந்தி மூலிகையையும் பாருங்கள். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் ரத்தக் கொதிப்புக்கு அதன் பலனை எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரிசர்பைன் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தார்கள். சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்தது. ரிசர்பைன் கொடுத்ததும் மூளையில் செரோடோனின் என்ற சைகைப் பொருள் வற்றுவதை முயல்களில் பார்த்த பிறகுதான் மூளை வேதியியலில் ஒரு கதவே திறந்தது.

சிம்மக்கல்_மருந்துக்கடை | செவ்வாய், மாலை 6:50

காவாவில் ஈரல் கோளாறைக் காட்டிக்கொடுத்தது எலி இல்லை தம்பி, மாத்திரை சாப்பிட்ட மனிதர்கள். அமுக்கராவும் அப்படித்தான். 2012-இல் 64 பேரிடம் இரண்டு மாதம் கொடுத்து மன அழுத்தம் குறைந்ததாகக் காட்டினார்கள், நல்ல விஷயம். அதற்குப் பிறகு உலகெங்கும் விற்பனை கூடியதும் ஈரல் பாதிப்புச் செய்திகள் வரத் தொடங்கின. ஹார்மோன்களைப் பாதிக்கலாம் என்ற கவலையில் 2023-இல் டென்மார்க் தடையே செய்துவிட்டது. வைத்தியர் ஐயா, உங்களிடம் வருகிறவருக்கு ஈரல் பரிசோதனை எழுதிக் கொடுக்கிறீர்களா? குறைசொல்லக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

அவனியாபுரம்_பாண்டி | செவ்வாய், இரவு 10:15

நான் அதிகம் படித்தவன் கிடையாது. ஒரு கல்லூரியில் ஒன்பது வருடம் விலங்கு அறையைப் பார்த்துக்கொண்டேன், இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன். கூண்டு கழுவுவது, உமி மாற்றுவது, தீனி, தண்ணீர் எல்லாம் நான்தான். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பிள்ளைகள் சோதனைக்கு வரும்போது நேராகக் கூண்டைத் திறந்து வாலைப் பிடித்துத் தூக்குவார்கள். அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாலு காலாலும் காற்றைப் பிறாண்டும். அப்படியே கொண்டுபோய் அந்த மேடையில் வைத்து, "பயப்படுகிறதா பார்" என்று கடிகாரத்தைத் தட்டுவார்கள். அது பயப்படாமல் என்ன செய்யும்?

ஊர்ப் பொங்கல் நேரத்தில் ஒலிபெருக்கியும் வேட்டுமாக மூன்று நாள் இருக்கும். ஒவ்வொரு வேட்டுக்கும் எல்லாக் கூண்டிலும் ஒரே நேரத்தில் உமி சிதறும். குட்டி போட்ட ஒன்று, இரண்டாம் நாள் ராத்திரி தன் குட்டிகளையே கடித்துப் போட்டிருந்தது. அதற்கு மறுநாள் காலையில் ஒரு தம்பி வந்து பாதிச் சோதனையை முடித்துவிட்டுப் போனார். மீதிப் பாதி அடுத்த வாரம், ஊர் அமைதியான பிறகு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டிருப்பார். கரண்டு போனால் விளக்கு நேரமும் மாறிவிடும். அதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

பசுமலை_ஆய்வாளன் | செவ்வாய், இரவு 11:20

பாண்டி அண்ணே, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். நீங்கள் கண்ணால் பார்த்ததை லிவர்பூலில் 2010-இல் சோதனையாகவே செய்து எழுதியிருக்கிறார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகளுக்குப் பதற்றம் கூடுதல். குழாய்க்குள் நுழையவிட்டோ, குவித்த கையில் ஏந்தியோ எடுத்தவற்றுக்குக் குறைவு. 2014-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தார் இன்னொன்று காட்டினார்கள். அறையில் ஆண் ஒருவர் இருந்தாலே, அவர் வாசத்துக்கே எலிகளின் மன அழுத்தம் ஏறுகிறது. நானும் வாலைப் பிடித்துத்தான் பழகினேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான். என்னுடைய பழைய முடிவுகளில் எத்தனை இதனால் கோணலானவை என்று நினைத்தால் மனது சங்கடப்படுகிறது.

ஆனாலும் சோதனையே வேண்டாம் என்ற இடத்துக்கு என்னால் வர முடியவில்லை. நன்றாகச் செய்ய வேண்டும் என்றுதான் வருகிறேன்.

சோழவந்தான்_வைத்தியர்வீடு | புதன், காலை 8:00

மருந்துக்கடைக்காரரே, இதுவரை எழுதிக் கொடுத்ததில்லை. நாள்பட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு இனி எழுதிக் கொடுக்கிறேன். சுண்டெலி விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

தெப்பக்குளம்_திவ்யா | புதன், இரவு 9:15

எல்லோருக்கும் நன்றி. இன்று கைடிடம் பேசினேன். எத்தனால் சாற்றை விட்டுவிடுகிறேன். விரியும் மொட்டை மூடிய பெட்டியில் வைத்து, வாசத்தை மட்டும் சுண்டெலி முகரும்படி திட்டத்தை மாற்றி எழுதுகிறேன். அப்படியானால் மூன்று அளவுக் குழுக்கள் தேவையில்லை. வெறும் காற்று, மல்லிகை வாசம், டயாசிபாம் என மூன்று குழு போதும். குழுவுக்கு ஆறு போதுமா, கூட்ட வேண்டுமா என்று புள்ளியியல் மேடத்திடம் கேட்டுத்தான் முடிவு செய்வேன். உருளைச் சோதனை உண்டு. எந்தச் சுண்டெலி எந்தக் குழு என்று தெரியாத தோழி ஒருத்தி வீடியோவைப் பார்த்து எண்ணுவாள்.

பெரியப்பாவிடம் ஆய்வாளன் சார் சொன்னதைச் சொன்னேன். "சரி, எலிக்குக் கோயில் தெரியாதுதான். ஆனா சோதனை முடிஞ்சதும் அதுகள என்ன செய்வீங்க?" என்று கேட்டார். விண்ணப்பத்திலும் அதே கேள்வி இருக்கிறது. சீனியர்கள் எல்லாரும் ஒரே வரியைத்தான் அங்கே எழுதியிருக்கிறார்கள். நான் இன்னும் நிரப்பவில்லை.

சிம்மக்கல்_மருந்துக்கடை | புதன், இரவு 9:50

வாசம் முகர வைப்பதற்கு மனிதர்களே போதுமே அம்மா. பல் பிடுங்க வந்து பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி, பூ வைத்த அறை, பூ இல்லாத அறை என்று பார்க்கலாம். நான் இன்னும் எதிர்ப்புதான். ஆனால் நீ எழுதியதில் ஏமாற்று எதுவும் இல்லை.

அவனியாபுரம்_பாண்டி | புதன், இரவு 10:30

தங்கச்சி, குழாய்க்குப் பிளம்பர் கடையில் இரண்டு அங்குல பைப் வாங்கு. அரை அடி நீளத்துக்கு அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிடு, கூர் இருந்தால் கிழித்துவிடும். சோதனைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே கூண்டுக்கு ஒன்று போட்டு வை. முதல் நாள் கிட்டே வராது. மூன்றாம் நாள் அதற்குள்ளேயே தூங்கும்.