மென் எக்ஸ்-ரே ஸ்பெக்ட்ரம் வெப்பநிலையை மூன்று மடங்கு காட்டுகிறது, எங்கே தவறு?

பிளாஸ்மா_மாணவி

வணக்கம். இரண்டு வாரமாக ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

எங்களுடையது சின்ன டோகமாக், அதாவது பிளாஸ்மாவைக் காந்தப்புலத்தால் பிடித்து வைக்கும் வளைய வடிவ மெஷின். ஒரு ஷாட், அதாவது ஒரு முறை பிளாஸ்மா ஓட்டுவது, சுமார் 200 மில்லிசெகண்ட், அதில் நடுவே 100 மில்லிசெகண்டுக்கு மின்னோட்டம் நிலையாக நிற்கும், அந்த நேரத்துக்கு மட்டும் கேட் வைத்து ஸ்பெக்ட்ரம் எடுக்கிறேன். பிளாஸ்மாவின் நடுவைப் பார்த்தபடி ஒரு சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டர் இருக்கிறது, தடிமன் 450 மைக்ரான். முன்னால் 1 மில்லிமீட்டர் பின்ஹோல். டிடெக்டரின் சொந்த ஜன்னலையும் சேர்த்துப் பெரிலியம் மொத்தம் 25 மைக்ரான். ரீசெட் வகை ப்ரீஆம்ப், பின்னால் டிஜிட்டல் பல்ஸ் ப்ராசஸர், பீக்கிங் டைம், அதாவது ஒரு துடிப்பை அளக்கும் நேரம், 2 மைக்ரோசெகண்ட். ஒன்றின் மேல் ஒன்று ஏறும் துடிப்புகளைத் தள்ளிவிடும் பைல்-அப் ரிஜெக்‌ஷன் ஆன்.

ஃபில்டர், டிடெக்டர் திறன் இரண்டையும் திருத்திவிட்டு, லாக் அச்சில் 2.5 முதல் 4.5 கேஇவி (ஆயிரம் எலெக்ட்ரான்வோல்ட்) வரை நேர்கோடு போட்டால், அதன் சரிவிலிருந்து எலெக்ட்ரான் வெப்பநிலை 1.4 கேஇவி என்று வருகிறது. அதே மாதிரி ஷாட்டில் தாம்சன் சிதறல் லேசர் சொல்வது 0.5-க்குப் பக்கம். லேசரை நான் நம்புகிறேன், மின்தடையிலிருந்து போட்ட கணக்கும் அதற்குத்தான் ஒத்துவருகிறது. இது போதாதென்று 3.2 கேஇவி பக்கத்தில் ஒரு மேடு வேறு.

டிடெக்டரில் கோளாறு இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரும்பு-55 வைத்துப் பார்த்தேன்: 5.9 கேஇவி சிகரம் அழகாக நிற்கிறது, அகலம் 145 எலெக்ட்ரான்வோல்ட், 6.49-இல் பக்கத்துச் சிகரமும் தனியாகத் தெரிகிறது. அப்புறம் பிளாஸ்மாவில் மட்டும் ஏன் இப்படி?

லிமிட்டர்_ஓரம்

முதல் சந்தேகம் ரன்அவே எலெக்ட்ரான்கள் மேல், அதாவது மின்புலத்தில் கட்டுமீறி வேகமெடுப்பவை. அடர்த்தி குறைவான ஷாட் என்றால் அவை ஓடிப்போய், பிளாஸ்மாவின் ஓரத்தைத் தடுத்து நிறுத்தும் லிமிட்டரில் மோதி வன் எக்ஸ்-ரே கிளப்பும், அது சுவரையும் பின்ஹோல் தகட்டையும் தாக்கி ஒளிர வைத்து, சுற்றிவளைத்து உங்கள் டிடெக்டருக்குள் வரும். வன் எக்ஸ்-ரே பார்க்கும் சோடியம் அயோடைடு மானிட்டர் அந்த நேரத்தில் என்ன சொல்கிறது? ஒரு வேலை செய்யுங்கள்: பின்ஹோலுக்கு முன்னால் 2 மில்லிமீட்டர் எஃகு ஷட்டரை மூடிவிட்டு அதே ஷாட்டை ஒரு முறை எடுங்கள். மூடியபோதும் எண்ணிக்கை வந்தால் அது நேர்வழியில் வந்த மென் கதிர் இல்லை.

வரி_தேடுபவர்

3.2 என்பது எனக்கு ஆர்கான் போலத் தெரிகிறது. ஹீலியம் போன்ற ஆர்கானின், அதாவது இரண்டே எலெக்ட்ரான் மிஞ்சிய ஆர்கானின், வரி 3.1 கேஇவியில் இருக்கும். உங்கள் மெஷினில் ஆர்கான் உள்ளே விடும் பழக்கம் உண்டா? முன்பு எப்போதாவது விட்டிருந்தாலும் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்கலாம். மேடு இருக்கும் பகுதியை வைத்து நேர்கோடு போட்டால் சரிவு கெட்டுத்தான் போகும், அந்தத் துண்டை விட்டுவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

பிளாஸ்மா_மாணவி

இருவருக்கும் நன்றி. ஆர்கான் போன மாதம் இரண்டு நாள் விட்டோம், அதனால் அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. மேட்டை விட்டுவிட்டுப் போட்டாலும் 1.2-க்குக் கீழே இறங்கவில்லை.

இன்று ஷட்டர் மூடி மூன்று ஷாட் எடுத்தோம். நிலையான பகுதியில் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே ரன்அவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய_ப்ரீஆம்ப்

வைத்துக்கொள்ளலாம், அந்த வழி முடிந்தது. எனக்கு இரண்டு எண்கள் வேண்டும். ப்ராசஸர் திரையில் உள்ளே வரும் வீதம் என்றும் வெளியே போகும் வீதம் என்றும் இரண்டு காட்டும், நிலையான பகுதியில் அவை எவ்வளவு? கூடவே ஃபாஸ்ட் சேனலின் த்ரெஷோல்ட் எத்தனை கேஇவியில் இருக்கிறது? ஸ்லோ சேனலுடையது இல்லை, ஃபாஸ்ட்.

பிளாஸ்மா_மாணவி

உள்ளே 41,000, வெளியே 80,000, நொடிக்கு. எழுதும்போதுதான் கவனிக்கிறேன், இது எப்படி? உள்ளே வந்ததைவிட வெளியே போனது எப்படி அதிகமாக இருக்கும்?

ஃபாஸ்ட் த்ரெஷோல்ட் 2.2 கேஇவி. அதை நான் வைக்கவில்லை. ஷாட் தொடங்கும்போது சத்தம் அதிகமாக வந்து ஃபாஸ்ட் சேனல் பொய்யாகத் தட்டிக்கொண்டே இருந்தது, அதனால் ஏற்றிவிட்டோம் என்று முன்பு இதைப் பார்த்துக்கொண்ட சீனியர் நோட்டில் எழுதியிருக்கிறார்.

பழைய_ப்ரீஆம்ப்

கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், இந்த இடம் புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் தானாக வரும்.

ப்ராசஸருக்குள் இரண்டு கண்கள் இருக்கின்றன. ஸ்லோ சேனல் ஒவ்வொரு துடிப்பையும் 2 மைக்ரோசெகண்ட் நிதானமாகப் பார்த்து அதன் உயரத்தை அளக்கிறது. ஃபாஸ்ட் சேனல் 0.1 மைக்ரோசெகண்டில் 'வந்தது, வந்தது' என்று எண்ணுவதோடு சரி. ஸ்லோ சேனல் ஒரு துடிப்பை அளந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று வந்து ஏறினால், அதைப் பிடித்துச் சொல்ல வேண்டியது ஃபாஸ்ட் சேனல்தான். பைல்-அப் ரிஜெக்‌ஷன் என்பது அது கொடுக்கும் எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது மட்டுமே. 2.2 கேஇவிக்குக் கீழே உள்ள ஃபோட்டானை உங்கள் ஃபாஸ்ட் சேனலால் பார்க்கவே முடியாது. உங்கள் பிளாஸ்மாவிலிருந்து 25 மைக்ரான் பெரிலியம் வழியாக வரும் ஃபோட்டான்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு அதற்குக் கீழேதான். அதனால்தான் திரையில் 41,000. உண்மையில் உள்ளே வருவது நொடிக்கு 2 லட்சத்துக்குப் பக்கம்.

இப்போது கணக்குப் போடுங்கள். 2 லட்சம் பெருக்கல் 2 மைக்ரோசெகண்ட் 0.4. ஒரு ஃபோட்டானை அளக்கும் அந்த நேரத்துக்குள் இன்னொன்று வந்துவிடும் வாய்ப்பு 33 சதவீதம். ஃபாஸ்ட் சேனல் விழித்திருந்தால் தப்பிப் போவது 0.1 மைக்ரோசெகண்டுக்குள் ஒட்டி வருபவை மட்டும், அது 2 சதவீதம். உங்களிடம் ரிஜெக்‌ஷன் ஆன் என்று திரையில் இருக்கிறது, ஆனால் பெரும்பாலான ஃபோட்டான்களுக்கு அது ஆஃப்.

1.6 கேஇவி ஃபோட்டான் இரண்டு ஒன்றாக ஏறினால் 3.2 என்று பதிவாகும். அந்த மேடு அதுதான், ஆர்கான் இல்லை. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அரை கேஇவி பிளாஸ்மாவில் 3.2-இல் உண்மையாக வரும் ஃபோட்டான், 1.6-இல் வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இராது, ஃபில்டரைச் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் கொஞ்சத்தின் மேல் இத்தனை போலிகள் வந்து உட்கார்ந்தால் உண்மை மூழ்கிவிடும். நீங்கள் நேர்கோடு போட்டதே போலிகள் மேல்தான். தடித்த ஃபில்டர் போட்டால் கீழ் ஆற்றல் போய்விடும், பிரச்சினை தீரும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஸ்பெக்ட்ரத்தின் சிகரம் மேலே நகரும், இரட்டை ஏறும் இடமும் கூடவே நகரும், அங்கே உண்மைக் கணக்கு இன்னும் குறைவு.

இதையே சோதனையாகவும் செய்யலாம். பெரிலியத்தை 50 மைக்ரான் ஆக்கி ஒரு ஷாட் எடுங்கள். அணுவின் வரி என்றால் இருந்த இடத்திலேயே நிற்கும். பைல்-அப் என்றால் மேடு நகரும்.

இரும்பு-55 உங்களை ஏமாற்றவில்லை, ஆனால் அந்த மூலம் நொடிக்குச் சில நூறு ஃபோட்டான்தான் கொடுத்திருக்கும், அங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏற வாய்ப்பே இல்லை. தவிர 5.9 கேஇவியை எந்த த்ரெஷோல்ட்டும் பிடித்துவிடும்.

வரி_தேடுபவர்

என் ஆர்கான் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். வெளியே போவது உள்ளே வருவதைவிட அதிகம் என்ற அடையாளத்தை நான் இதுவரை கவனித்ததே இல்லை, இன்றே எங்கள் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்க்கப் போகிறேன்.

பிளாஸ்மா_மாணவி

நகர்ந்தது! 50 மைக்ரானில் மேடு 3.8-க்குப் போய்விட்டது. எண்ணிக்கை பாதிக்கும் கீழே.

ஆனால் த்ரெஷோல்ட்டை 0.9-க்கு இறக்கினால் சீனியர் சொன்னது நிஜம்தான் என்று தெரிகிறது. ஷட்டரை மூடி எடுத்த ஷாட்டில்கூட முதல் 15 மில்லிசெகண்டில் ஃபாஸ்ட் சேனல் சீறிக்கொண்டே இருக்கிறது, நிலையான பகுதியிலும் விட்டுவிட்டு வருகிறது. எல்லோரும் ஜெம் என்ற வாயு டிடெக்டர் பற்றிப் பேசுகிறார்களே, அதற்கு மாறிவிட்டால் இந்தத் தொல்லை இருக்காதா?

பழைய_ப்ரீஆம்ப்

உங்கள் வேலைக்கு வேண்டாம். ஜெம் நல்ல சாதனம்தான், 1997-இல் செர்னில் ஃபேபியோ சவுலி கொண்டுவந்தது, பிரான்சில் கடராஷில் உள்ள வெஸ்ட் டோகமாக்கிலும் மென் எக்ஸ்-ரேக்கு அதை வைத்திருக்கிறார்கள். நியூட்ரான் கொட்டும் இடத்தில் சிலிக்கான் கெட்டுப்போகும், அங்கே வாயு டிடெக்டருக்கு அர்த்தம் உண்டு. ஆனால் 5.9 கேஇவியில் அதன் சிகர அகலம் ஒரு கேஇவிக்கு மேல். 145 எலெக்ட்ரான்வோல்ட் கொடுக்கும் டிடெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே ஏன் போக வேண்டும்?

ஷட்டர் மூடியும் சத்தம் வந்தால் அது கதிர் இல்லை, கம்பி வழியாக வருவது. முதல் 15 மில்லிசெகண்ட் என்பது கெப்பாசிட்டர் பேங்க் மின்சுமையைக் கொட்டி ஓமிக் சுருளில் மின்னோட்டம் ஏறும் நேரம். டிடெக்டர் உடலுக்கும் பிளாஸ்மா பாத்திரத்துக்கும் நடுவே காப்பு வளையம் இருக்கிறதா? மெஷினை நிறுத்தி, பேங்கை டிஸ்சார்ஜ் செய்து ஷார்ட் போட்டிருப்பதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு, டிடெக்டரின் எல்லாக் கேபிளையும் கழற்றிவிட்டு, உடலுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே மல்ட்டிமீட்டர் வையுங்கள். மெகாஓம் காட்ட வேண்டும்.

பிளாஸ்மா_மாணவி

0.4 ஓம்!

செராமிக் வளையம் நன்றாகத்தான் இருக்கிறது. டார்ச் அடித்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தேன். வன் எக்ஸ்-ரே மறைப்புக்காக டிடெக்டரைச் சுற்றி ஈயக் கட்டிகள் அடுக்கியிருக்கிறோம். கீழ் வரிசையில் ஒரு கட்டி, ஒரு பக்கம் டிடெக்டர் உறையைத் தொடுகிறது, மறு பக்கம் மெஷினின் தாங்கு சட்டத்தில் பெயின்ட் உரிந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில் ஈயத்தில் பளபளவென்று ஒரு தேய்மானம் இருக்கிறது, ஷாட் அதிர்வில் நீண்ட நாள் உரசியிருக்க வேண்டும். கட்டியை ஒரு விரல் நகர்த்தியதும் மீட்டர் எகிறிவிட்டது.

லிமிட்டர்_ஓரம்

அடியில் பேக்கலைட் தகடு, பக்கவாட்டில் காப்டன் ஷீட் இரண்டு சுற்று போடுங்கள். டேப் மட்டும் ஒட்டிவிட்டு விடாதீர்கள், ஈயத்தின் எடைக்குக் கிழிந்துவிடும். டிடெக்டருக்கு மின்சாரம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகவும், கம்ப்யூட்டருக்கு டேட்டா ஃபைபர் வழியாகவும் போகட்டும். இல்லையென்றால் யூஎஸ்பி கேபிளின் உறை வழியாக அதே கிரவுண்டு லூப் (இரண்டு இடத்தில் தரையைத் தொடுவதால் சத்தம் ஓடும் சுற்று) திரும்ப வந்துவிடும், எங்களுக்கு வந்தது.

பழைய_ப்ரீஆம்ப்

சரியான யோசனை. இன்னும் இரண்டு சொல்கிறேன். சத்தம் போனாலும் 2 லட்சம் வீதம் அதிகம்தான். பின்ஹோலை 0.4 மில்லிமீட்டர் ஆக்குங்கள், பரப்பு ஆறில் ஒன்றாகும், வீதம் 30,000 பக்கம் வரும். ஒரு ஷாட்டில் 3,000 ஃபோட்டான்தான் கிடைக்கும், பரவாயில்லை, ஒரே மாதிரி ஷாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். பீக்கிங் டைமையும் 1 மைக்ரோசெகண்டுக்கு இறக்கலாம், சிகரம் சற்று அகலும், சரிவு பார்ப்பதற்கு அது ஒன்றும் செய்யாது.

அடுத்தது, முடிந்தால் ப்ரீஆம்ப் வெளியீட்டை அப்படியே பதிவு செய்யுங்கள். உங்கள் ஷாட் 200 மில்லிசெகண்ட்தான். 14 பிட், நொடிக்கு 12.5 கோடி சாம்பிள் எடுக்கும் டிஜிட்டைசர் இருந்தால் ஒரு ஷாட்டுக்கு 50 மெகாபைட், இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை. ரீசெட் ப்ரீஆம்ப் என்பதால் படிக்கட்டு போல ஏறும் கோடு கிடைக்கும், ஒவ்வொரு படியும் ஒரு ஃபோட்டான். 1994-இல் யோர்டனோவும் நோலும் சொன்ன ட்ரபிசாய்டு ஃபில்டரை நீங்களே பைத்தானில் இருபது வரியில் எழுதி, த்ரெஷோல்ட்டையும் பீக்கிங் டைமையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி ஓட்டலாம். வெறும் ஸ்பெக்ட்ரமாகச் சேமித்தால், சேர்ந்து ஏறிய இரண்டை எந்த மென்பொருளாலும் திரும்பப் பிரிக்க முடியாது.

பிளாஸ்மா_மாணவி

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பேக்கலைட், காப்டன், ஃபைபர் மூன்றும் முடிந்தது. ஃபாஸ்ட் த்ரெஷோல்ட் 0.9-இல் ஷட்டர் மூடிய ஷாட் இப்போது அமைதி, தொடக்கத்தில் மட்டும் நாலைந்து பொய்த் தட்டல். பின்ஹோலை மாற்றும் முன் ஒரு ஷாட் எடுத்தோம், உள்ளே வரும் வீதம் 1.9 லட்சம் என்று காட்டியது, நீங்கள் சொன்னது அப்படியே. 0.4 மில்லிமீட்டர் போட்டுப் பன்னிரண்டு ஷாட்டைக் கூட்டினேன். மேடு இல்லை. வெப்பநிலை 0.52. அந்த நேர்கோட்டைத் திரையில் பார்த்தபோது கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

பழைய_ப்ரீஆம்ப் அண்ணா, ஒரே ஒரு கேள்வி மிச்சம். த்ரெஷோல்ட் 2.2-இல் இருந்த காலத்து ஷாட்கள் ஸ்பெக்ட்ரமாக மட்டும்தான் இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது?

பழைய_ப்ரீஆம்ப்

எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். வெளியே போகும் வீதம் 10,000-க்குள் இருந்த ஷாட்களைத் தனியாக எடுங்கள். அந்த எண் குறைவாக இருப்பதற்கு வீதம் மிக அதிகமாகி டெட் டைமில் (புதிய துடிப்பை எண்ண முடியாத நேரத்தில்) மூழ்கியதும் காரணமாக இருக்கலாம், அதனால் அடர்த்தியையும் டயோடு சிக்னலையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்மா, சின்ன பின்ஹோல் போட்ட ஷாட்கள் அதில் தேறும், அவற்றின் சரிவை நம்பலாம். மற்றவற்றில் வெப்பநிலை எழுதியிருந்தால் அடித்துவிட்டுக் காரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள்.

பிளாஸ்மா_மாணவி

எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை பார்த்த 140 ஷாட்டில் 23 தேறுகிறது. சீனியருக்கும் எழுதினேன், அவருடைய ஆய்வேட்டில் இதே டிடெக்டர் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, அந்த ஷாட்களின் வீதத்தை நாளை சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம்.