சர்க்கரை ஆலையில் அழுகுரல்

கோத்தகிரியிலிருந்து:

‘லெஃப்ட் ஃபோர் டெட் 2’ வீடியோ விளையாட்டை ஆடியவர்கள் தங்களால் மறக்க முடியாத மோதலை எழுதும்படி கேட்டிருந்தீர்கள். இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் டேங்க் என்ற ராட்சத எதிரியை வீழ்த்திய கதையைச் சொல்லியிருப்பதால், நான் சுடாமல் கடந்திருக்க வேண்டிய ஒன்றைச் சுட்டுக் கெடுத்த கதையை எழுதுகிறேன். சுட்டது நானல்ல, என் சித்தப்பா மகன். அவன் இதைப் படிப்பான் என்பது தெரிந்தே எழுதுகிறேன்.

2020 நவம்பரில், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொல்லிவிட்டதால், அவன் கோவையிலிருந்து மடிக்கணினியோடு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தான். பக்கத்து வீட்டு நண்பனும் அவன் தங்கையும் இரவுச் சாப்பாடு முடித்து வந்துவிட்டால் நான்கு பேர் ஆகிவிடும். இந்த விளையாட்டுக்கு வேண்டியதும் சரியாக நான்கு பேர்தான். வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு என்பதால் 2 ஜி.பி. ராம் உள்ள பழைய கணினியிலும் அது ஓடும். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் ஆட்டத்தைத் தொடங்கி, மற்ற மூவரையும் ரூட்டர் வழியாக லேனில், அதாவது வீட்டுக்குள்ளான வலையமைப்பில், இணைத்துக்கொள்வோம்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொற்றுக்கு ஆளான கூட்டத்தின் நடுவே நான்கு பேர் ஒரு பாதுகாப்பு அறையிலிருந்து அடுத்த பாதுகாப்பு அறைக்குப் போய்ச் சேர வேண்டும். தனியாக ஓடுகிறவன் பிழைப்பது அரிது. எதிரிகளில் ஸ்மோக்கர் என்பவன் நாக்கால் சுற்றி இழுத்தாலும், ஹண்டர் என்பவன் மேலே பாய்ந்து அமுக்கினாலும், பிடிபட்டவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்வது அநேகமாக நடக்காது. கூட வருகிறவன்தான் காப்பாற்ற வேண்டும். எங்கே எத்தனை பேர் வருவார்கள் என்பதும் நிலையானதல்ல. டைரக்டர் என்று அழைக்கப்படும் நிரல், ஆடுகிறவர்கள் எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டு, உச்சத்தைத் தொட்ட பிறகு 30 முதல் 45 வினாடிகள் வரை மூச்சுவிட இடம் கொடுத்து, பிறகு மறுபடியும் கூட்டத்தை அனுப்புகிறது. ஆகவே நேற்று ஆடிய வழியை இன்று மனப்பாடமாக ஆட முடியாது.

அன்று நாங்கள் எடுத்தது, விளையாட்டில் உள்ள பயணங்களில் ஒன்றான ‘ஹார்ட் ரெயின்’. வெளியேறும் படகுக்கு டீசல் வேண்டும். அதற்காக ஊரைக் கடந்து, கைவிடப்பட்ட சர்க்கரை ஆலைக்குள் புகுந்து, கரும்புக் காட்டைத் தாண்டி எரிபொருள் நிலையம் வரை போக வேண்டும். பிறகு பெரும்புயலில், வெள்ளம் ஏறிக் கிடக்கும் அதே வழியில் திரும்ப வேண்டும். புயல் வலுக்கும்போது எதிரே நிற்பவன் தெரிய மாட்டான், பேசுவதும் காதில் விழாது. எங்களுக்கோ வெளியேயும் அதே நிலைமை. கோத்தகிரிக்கு மழை என்பது வடகிழக்குப் பருவமழைதான். எங்கள் வீட்டின் பின்கட்டுக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கத்தித்தான் பேச வேண்டும். இந்த விளையாட்டு வெளிவந்த அதே 2009 நவம்பரில்தான் நீலகிரியில் பெருமழையும் மண்சரிவும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின என்பதால், கூரையில் சத்தம் கூடும்போதெல்லாம் எங்கள் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

சர்க்கரை ஆலையில் மற்ற இடங்களைவிட விட்ச்கள் அதிகம். விட்ச் என்பவள் தேடி வந்து தாக்குகிறவள் அல்ல. ஒரு மூலையில் அமர்ந்து, முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருப்பாள். டார்ச் வெளிச்சம் பட்டாலோ, மிக அருகில் போனாலோ, குண்டு உரசினாலோ உறுமத் தொடங்கி, சீண்டியவனை மட்டும் குறிவைத்து ஓடி வருவாள். நாங்கள் ஆடிய அட்வான்ஸ்டு என்ற கடின நிலையில் ஒரே அடியில் ஆளைத் தரையில் கிடத்திவிடுவாள். அதைவிடக் கடினமான எக்ஸ்பர்ட் நிலையில் உயிரே போய்விடும்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அவளை எப்படிக் கடப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலையில் பால் ஊற்றப் போகும்போது செடிகளுக்கு நடுவே காட்டெருமை நின்றால் யாரும் அதோடு வீரம் காட்டுவதில்லை. அது நம்மைப் பார்த்துவிட்டதா என்று பார்த்து, இடைவெளி விட்டு, சுற்றுவழியில் போய்விடுவோம். நண்பனும் அவன் தங்கையும் அப்படித்தான் டார்ச்சை அணைத்து, சுவரை ஒட்டி நகர்ந்தார்கள். முதல் விட்சைக் கடந்தோம், இரண்டாவதையும் கடந்தோம். மூன்றாவது விட்ச் எங்கே இருக்கிறாள் என்பதைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளைக் காட்டிக்கொடுப்பது அழுகுரல். அந்த அழுகுரலைத் தகரக் கூரை விழுங்கிக்கொண்டிருந்தது. அதனால் நண்பனின் தங்கை ஸ்பீக்கரின் ஒலியைக் கடைசி வரை ஏற்றினாள்.

அடுத்த அறையின் கதவு திறந்தது. “யாருடா இந்த நேரத்துல அழுவுறது? பொம்பள குரல் மாதிரி இருக்கு” என்று கேட்டுக்கொண்டு, கம்பளியைப் போர்த்தியபடி பாட்டி வந்து நின்றார். நான் திரும்பி, “கேம்ல அழுவுது பாட்டி, நீங்க போய்ப் படுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே என் தம்பி, பாட்டியின் குரலுக்குத் திடுக்கிட்டு, மவுஸை அழுத்திவிட்டான். கையில் ஷாட்கன். விட்ச் எழுந்த அலறலில் பாட்டி “ஐயோ சாமி!” என்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஓடி வந்தவள் தம்பியைக் கிடத்தினாள். கிடப்பவனுக்கு 300 உயிர்ப்புள்ளிகள் தரப்பட்டு, அவை கரைந்துகொண்டே வரும். ஒருவர் அருகில் நின்று 5 வினாடிகள் கைகொடுத்தால்தான் எழ முடியும். மூவரும் விட்சைச் சுட்டோம். அவளுக்கு 1000 புள்ளிகள். அவள் விழுவதற்குள் எங்கள் குண்டுகளும் தம்பி மேல் பட்டன. தன் ஆட்களின் குண்டும் காயப்படுத்தும் என்பதுதான் இந்த விளையாட்டின் கொடூரமான, ஆனால் நியாயமான விதி. தம்பி இறந்துபோனான். அவனைக் கொன்றது விட்சா, நண்பனின் தங்கையா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை.

மூவராக லிஃப்ட் வரை போனோம். அதை அழைத்தாலே பெருங்கூட்டம் வரும். வந்தது. அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போனது. மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடின. மேசைக் கணினியும் ரூட்டரும் யு.பி.எஸ்ஸில் நின்றன. யு.பி.எஸ். “பீப், பீப்” என்று கத்தத் தொடங்கியதும், யாரோ பைப் பாம் வீசிவிட்டதாக நினைத்து நண்பன் சுடுவதை நிறுத்திவிட்டான். பைப் பாம் அப்படித்தான் பீப் ஒலி எழுப்பிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறகு வெடிக்கும். அறையில் கத்தியதற்கு ஆலையில் ஒருவரும் மயங்கவில்லை. அத்தோடு முடிந்தது.

கூடலூரிலிருந்து:

உங்கள் யு.பி.எஸ். கதையைப் படித்ததும் எனக்கு ‘தி பாரிஷ்’ பயணத்தின் இறுதியில் வரும் பாலம் நினைவுக்கு வந்தது. மற்ற பல பயணங்களின் இறுதிக்கட்டத்தைப் போல அங்கே ஓரிடத்தில் நின்று தாக்குப்பிடிக்க முடியாது. கார்கள் அடைத்துக் கிடக்கும் பாலத்தின் மறுமுனையில் ஹெலிகாப்டர் நிற்க, ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எங்களுக்குத் தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் மொபைல் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. நான் ஹாட்ஸ்பாட்டில் மூன்று நண்பர்களோடு ஆடிக்கொண்டிருந்தேன். பாலத்தின் நடுவே டேங்க் வரும் இசை ஒலித்தது. டேங்க் ஒரு காரை ஓங்கி அடித்தது; அது என்னை நோக்கிப் பறந்து வந்துகொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

வெளியே போய், வாசற்படியில் குடையோடு நின்று, இரண்டு கோடு சிக்னல் பிடித்துத் திரும்ப இணைந்தபோது, என் பாத்திரமான எல்லிஸை அதுவரை ‘பாட்’ எனப்படும் கணினி ஆள் நடத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒருவர் விலகினால் கணினியே அவருடைய ஆளை ஏற்றுக்கொள்ளும். அந்தக் கணினி ஆளுக்கு பைப் பாம் எறியத் தெரியாது. ஆனாலும் டேங்க் விழுந்திருந்தது, எல்லிஸ் பாலத்தின் மறுமுனைக்கு அருகில் நின்றுகொண்டிருந்தான், என்னைவிட அதிக உயிரோடு. நண்பர்கள் மூவரும் ஒரே குரலில், “ஏன்டா வந்தே?” என்றார்கள்.

உதகையிலிருந்து:

கோத்தகிரி அண்ணா சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. விட்சை எப்போதும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்பதில்லை. வாசலை அடைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? ஷாட்கனோடு நிதானமாக நெருங்கி, கைக்கெட்டும் தூரத்தில் தலையில் சரியாக ஒரு வெடி வைத்தால் அவள் எழாமலே விழுந்துவிடுவாள். நடுக்கம் இல்லாத கை வேண்டும், அவ்வளவுதான். நானும் என் தம்பியும் எக்ஸ்பாக்ஸ் 360இல் ஒரே தொலைக்காட்சியை இரண்டாகப் பிரித்து ஆடுவோம். விட்ச் வேலை எப்போதும் என்னுடையது, ஏனென்றால் அவன் கண்ணை மூடிக்கொள்வான்.

என் நினைவில் நிற்கும் மோதல் வேறு. இரண்டு முறை விழுந்து எழுந்தவனுக்குத் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும்; மூன்றாம் முறை விழுந்தால் மரணம். தம்பியின் பாதித் திரை அப்படி வெளுத்துக் கிடந்தது, என் பாதியில் 20 புள்ளிகள். இருவருக்கும் சேர்த்து ஒரு முதலுதவிப் பெட்டி, அது என்னிடம். இழந்த உயிரில் 80 விழுக்காட்டை அது மீட்டுத்தரும். நான் எனக்குக் கட்டிக்கொள்வேன் என்று நினைத்து அவன் பேசாமல் இருந்தான். கதவோரம் ஹண்டர் உறுமுவது கேட்டுக்கொண்டிருக்கும்போது நான் அவனுக்குக் கட்டினேன். அவன் பக்கத்துத் திரையில் நிறம் திரும்பியது. நான் அடுத்த நிமிடமே செத்துப்போனேன். அவன் என்னை விட்டுவிட்டுப் பாதுகாப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், அது வேறு விஷயம்.

கோத்தகிரியிலிருந்து, மீண்டும்:

உதகைத் தங்கை சொன்ன ஷாட்கன் முறையை என் தம்பியிடம் காட்ட மாட்டேன். அவனுக்கு ஏற்கெனவே கிடைத்த பாடமே அரைகுறையாகத்தான் இறங்கியிருக்கிறது.

அன்று இரவு ஆட்டம் கலைந்த பிறகு மழை விட்டிருந்தது. எங்கள் வீட்டில் கழிப்பறை வெளியே, தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. தம்பிக்குத் துணையாக நானும் போனேன். டார்ச் அவன் கையில் இருந்தது. வேலி ஓரத்தில் இரண்டு கண்கள் மின்னின. அவன் ஒரு நொடிகூட யோசிக்காமல் டார்ச்சை அணைத்துவிட்டான். விட்ச் என்றால் அதுதான் சரி. ஆனால் இது காட்டெருமை. அது இருட்டில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியாமல் நாம் நிற்பதைப் போல மோசமானது வேறில்லை. “போடுடா லைட்ட, தரையப் பாத்துப் பிடி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவன் கைக்குப் பொத்தான் சிக்கவில்லை. ஈரச் செடிகள் முறியும் ஓசை எங்களை விட்டு விலகிக் கீழே இறங்கும்வரை இருவரும் அசையாமல் நின்றோம். பிறகு அவன், கழிப்பறைக்கு அவசரமில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான்.